பல் போனால் சொல் போகுமா?

சென்ற ஆண்டுச் சாரல் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜுமுஆத் தொழுகை முடிந்த பின் தென்காசியிலிருந்து என் தாய்மாமனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குற்றாலம் சென்றேன். பேரருவியில் கூட்டம் நிரம்பி வழிந்ததால் ஐந்தருவிக்குப் போனோம். அறுபத்தெட்டு வயதிலும் அருவியைக் கண்டால் மாமா குழந்தையாகிவிடுவார். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே பலமாக ஒரு தும்மல் தும்மினார். மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கீழ்த்தாடைப் பல் செட் அருவியோடு போய்விட்டது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அன்று மஃரிபுக்குப் பின் வீட்டில் அமர்ந்திருந்தபோது, வழக்கம்போல யாசீன் ஓதுமாறு அவரை வேண்டினேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“பல் செட் இன்றைக்குத்தான் போயிற்று மருமகனே. ஓதல் போய் ஒரு வருடமாகிறது” என்றார்.

என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்த சொல் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்தபில் குர்ஆன் கற்பித்தவர் அவர். எனக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுத்ததும் அவரே.

நாக்குக்கு இரண்டு வேலை

தஜ்வீத் பாடத்தில் எழுத்துகளின் பிறப்பிடங்களைக் கற்பிக்கும் முன் பற்களின் பெயர்களைக் கற்பிப்பது நம் மதரஸாக்களின் வழக்கம். முன்பற்களாகிய ஃதனாயா நான்கு, அவற்றை அடுத்த ரபாஇய்யாத் நான்கு, கோரைப் பற்களாகிய அன்யாப் நான்கு, கடைவாய்ப் பற்களாகிய அள்ராஸ் இருபது, ஆக முப்பத்திரண்டு. மூன்று புள்ளி ஃதாவும் ஃதாலும் ழாவும் நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொடுவதால் பிறக்கின்றன. ஃபாவுக்குக் கீழுதடு மேல் முன்பற்களைத் தொட வேண்டும். ஸீனுக்கும் ஸாதுக்கும் நாவின் நுனி கீழ் முன்பற்களை ஒட்டி நிற்க வேண்டும். ளாத் என்னும் எழுத்துக்கோ நாவின் விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களைச் சார வேண்டும். “பல் போனால் சொல் போகும்” என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளை ஓதுவோர் மற்றவரைவிட நன்கறிவர்.

“பல் செட்தான் இருந்ததே, பின் ஏன் ஓதவில்லை?” என்று கேட்டேன். மாமா சொன்ன விடை இன்றும் என் காதில் ஒலிக்கிறது: “கீழ்ச் செட்டு நழுவாமல் பிடித்து வைப்பதே நாக்குக்கு வேலையாகிவிட்டது. ஒரே நாக்கு, அது செட்டைப் பிடிக்குமா, மக்ரஜைப் பிடிக்குமா?”

எலும்பு கரையும் கதை

கீழ்ச் செட் ஏன் நழுவுகிறது? இயற்கைப் பல் தாடை எலும்பில் வேரூன்றி நிற்பது. நாம் மெல்லும்போதெல்லாம் அந்த வேர் எலும்புக்கு வேலை கொடுக்கிறது. வேலை இருக்கும் வரையில் எலும்பும் உரத்தோடு இருக்கிறது. பல்லைப் பிடுங்கியபின் அவ்விடத்து எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் மிக விரைவாகவும், பின் மெதுவாகவும் அது கரைந்துகொண்டே போகும். பல்லிழந்த முதியோரின் கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி எழுவது இதனால்தான்.

மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இருக்கையாகிறது. எச்சிலின் உதவியால் அது ஓரளவு ஒட்டிக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரை லாடம் போன்ற ஒடுங்கிய ஈறின் மேல், நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே அது தவிக்கிறது. எலும்பு கரையக் கரைய, ஐந்தாண்டுகளுக்கு முன் அளவெடுத்த செட் இன்று தளர்ந்துவிடுகிறது. மாமாவுக்கு நேர்ந்ததும் அதுவே.

முயலின் காலில் கிடைத்த விடை

இழந்த பல்லுக்கு ஈடு தேடும் முயற்சி மிகப் பழமையானது. ஸ்பெயினின் குர்துபா நகரருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, சுமார் 1000ஆம் ஆண்டில் நிறைவு செய்த ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தம் மருத்துவக் களஞ்சியத்தில், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும், மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை இழந்த பல்லின் இடத்தில் வைத்துக் கட்டும் முறையையும் விளக்கியிருக்கிறார். ஆயினும் அவை அருகிலுள்ள பற்களைச் சார்ந்தே நின்றன. எலும்பில் ஊன்றி நிற்கவில்லை.

அந்தக் கதவு திறந்தது சுவீடன் நாட்டில். 1952ஆம் ஆண்டு லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், எலும்பினுள் இரத்தம் ஓடும் விதத்தைக் காண்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானிய உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாகக் கருதாமல் நெருங்கி வளர்ந்து பற்றிக்கொண்டிருந்தது.

1965ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடைய, கீழ்ப்பற்கள் இல்லாத கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் நான்கு டைட்டானிய வேர்களைப் பிரோனமார்க் ஊன்றினார். 2006ஆம் ஆண்டு லார்சன் இறக்கும் வரையில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவை அவருக்குப் பயன்பட்டன. 1982ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின் உலகெங்கும் இம்முறை பரவியது. நாம் இன்று ‘இம்ப்ளாண்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உலோகத்தைப் பற்றிக்கொள்வது எலும்பு. மருத்துவர் ஊன்றலாம், மகன் பணம் அனுப்பலாம், எலும்பு இசைந்து வளர்வதற்குரிய காலத்தை யாராலும் விலைக்கு வாங்க இயலாது.

“மூன்றே நாளில் வாய் நிறையப் பல்”

அருவியில் செட் போன செய்தி துபாயிலிருக்கும் மாமாவின் மகனுக்கு எட்டியது. மறுநாளே தொலைபேசியில் அழைத்தான். “வாப்பா, மூன்றே நாளில் வாய் நிறையப் பல் வைக்கிறார்களாம். எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன்” என்றான். அவன் சொன்ன இடத்துக்கு மாமாவை அழைத்துச் சென்றேன். அங்கே எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது முன்பணம். மாமாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா, பீடி புகைப்பாரா, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று எவரும் கேட்கவில்லை. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்றார்கள். யாருடைய வாழ்நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பினோம்.

பின்னர் திருநெல்வேலியில் ஒரு பெண் பல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் அரைமணி நேரம் கேள்விகளே கேட்டார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சோதித்தார். ஒன்பதுக்கு மேல் இருந்தது. தாடையின் அகல நீள ஆழங்களைக் காட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார். பிறகு சொன்னார்: “ஐயா, சர்க்கரை குறையட்டும், பீடியை விடுங்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள். அதற்கு முன் நான் கை வைத்தால் உங்கள் மகனுடைய பணம்தான் கரையும்.”

மூன்று நாள் என்று கேட்டுப் போனவர்களுக்கு மூன்று மாதம் என்ற விடை. மாமா சிரித்துக்கொண்டே, “மக்தபில் இவர் போன்ற உஸ்தாது கிடைத்தால் பிள்ளைகள் உருப்படும்” என்றார். நாற்பதாண்டுப் பீடிப் பழக்கத்தை அன்றே கைவிட்டார்.

என்ன நடக்கும், எவ்வளவு காலம்?

அந்த மருத்துவர் விளக்கியவற்றை வாசகர்களுக்குப் பயன்படும் வகையில் தொகுத்துத் தருகிறேன்.

வாய் முழுவதற்கும் பல் வைப்பதென்றால் முப்பத்திரண்டு வேர்கள் ஊன்றுவார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒரு தாடைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வேர்கள் போதும். அவற்றின் மேல் பத்துப் பன்னிரண்டு பற்கள் கொண்ட பாலம் போன்ற வரிசையைத் திருகிப் பொருத்துவார்கள். ஒவ்வொரு வேரும் சிறு திருகாணி போன்றது. ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தடிப்பும், பத்து மில்லிமீட்டரை ஒட்டிய நீளமும் உடையது.

மரத்துப்போகும் ஊசி போட்டே பெரும்பாலும் சிகிச்சை நடக்கிறது. அப்போது வலி தெரியாது; அழுத்தமும் அதிர்வும் தெரியும். பின் இரண்டு மூன்று நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். சிலருக்குக் கன்னம் நீலம் பாரிக்கும். தையல் பிரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். கஞ்சி, இடியாப்பம், மசித்த சோறு போன்ற மெல்லிய உணவே சில வாரங்களுக்கு ஏற்றது.

எலும்பு வேரைப் பற்றிக்கொள்ளக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் வரையிலும் காத்திருப்பது மரபான முறை. ‘மூன்று நாளில் பல்’ என்பது முழுப் பொய்யுமன்று. ஊன்றிய வேர்கள் முதல் நாளிலேயே இறுக்கமாக அமைந்தால், சில நாட்களில் தற்காலிகப் பற்களைப் பொருத்த முடியும். ஆனால் அவை தற்காலிகமானவை. அவற்றைக் கொண்டு முறுக்குக் கடித்தால் வேர் அசைந்துவிடும். எலும்பு பற்றிய பிறகே நிலையான பற்கள். விளம்பரங்கள் முற்பாதியைப் பெரிய எழுத்தில் சொல்கின்றன. பிற்பாதியை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

எல்லார்க்கும் எல்லாம் சரிவருவதுமில்லை. எலும்பு மிகக் கரைந்தவர்களுக்கு முதலில் எலும்பு சேர்க்கும் சிகிச்சை தேவைப்படலாம். கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பைத் திருகு தொட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும். ஆகவேதான் ஸ்கேன் இன்றியமையாதது. எலும்புத் தேய்வுக்காக ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், கழுத்துக்கும் முகத்துக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் ஆகியோர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

நிலையான பல்லா, கழற்றும் பல்லா?

இரு தாடைகளுக்கும் நிலையான பற்கள் வைப்பதற்கு இலட்சக்கணக்கில் செலவாகும். இங்கே மருத்துவர் மற்றொரு வழியையும் காட்டினார். கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே வேர்களை ஊன்றி, அவற்றின் மேல் பொத்தான் போல அழுந்திப் பிடிக்கும்படி பல் செட்டை அமைக்கலாம். இரவில் கழற்றிக் கழுவலாம், பகலில் நழுவாது. செலவும் மிகக் குறைவு. 2002ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்ப்பற்கள் அனைத்தும் இழந்தவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இம்முறையே என்று அறிவித்தனர்.

மகன் ஒப்பவில்லை, வாய் முழுதும் நிலையான பல்லே வேண்டும் என்றான். தன் சேமிப்புப் போதாமல் அவன் வட்டிக்குக் கடன் வாங்க எண்ணியிருந்தது பேச்சுவாக்கில் வெளிப்பட்டது. மாமாவின் முகம் மாறியது. “நான் ஓதுவதற்காகப் பல் கேட்கிறேன். வட்டிப் பணத்தில் வைத்த பல்லைக் கொண்டு எந்த ஆயத்தை ஓதச் சொல்கிறாய்?” என்றார். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பின்பு, “வாப்பா சொன்னபடியே செய்யுங்கள் மச்சான்” என்று என்னிடம் சொன்னான்.

வசதியுள்ளோர் நிலையான பற்களை வைத்துக்கொள்வதில் குறையேதும் இல்லை. ஆயினும் பணத்தோடு கையின் பலத்தையும் கருதிப் பார்க்க வேண்டும். நிலையான பல் வரிசையின் அடியில் நாள்தோறும் நுணுக்கமாகச் சுத்தம் செய்ய வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கும், பார்வை மங்கியவருக்கும் கழற்றிக் கழுவும் செட்டே எளிது. செலவுக்கு அஞ்சுவோர் பல் மருத்துவக் கல்லூரிகளையும் அணுகலாம். சென்னையில் 1953ஆம் ஆண்டு தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் திருவனந்தபுரத்தில் 1959ஆம் ஆண்டு தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

மார்க்கம் தொடர்பான ஐயங்கள்

‘அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவதைத்தான் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இழந்த உறுப்பின் பயனை மீட்பது சிகிச்சை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்துகொண்டு, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது.

நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றுண்டு. எலும்பு சேர்க்கும் சிகிச்சையில் பயன்படும் துகள், நோயாளியின் சொந்த எலும்பாக இருக்கலாம். இறந்த மனிதரின் எலும்பிலிருந்தோ, மாட்டெலும்பிலிருந்தோ, பன்றியிலிருந்தோ செய்ததாக இருக்கலாம். முற்றிலும் செயற்கையாகவும் இருக்கலாம். எது என்று கேளுங்கள். மாற்று வழிகள் இருப்பதால், முன்கூட்டிச் சொன்னால் மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

நிலையாகப் பொருத்திய பல் உடலோடு சேர்ந்ததாகிவிடுவதால், உளூவுக்காகவோ குளிப்புக்காகவோ அதைக் கழற்ற வேண்டியதில்லை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கழற்றக்கூடிய செட்டாயின், கடமையான குளிப்பின்போது கழற்றி வாய் கொப்பளிப்பதே பேணுதல். ஹனஃபி மத்ஹபில் அக்குளிப்பில் வாய் கொப்பளிப்பது கடமையாகும். நோன்புக் காலத்தில் இச்சிகிச்சையை வைத்துக்கொள்ளாதிருப்பது நலம். மாத்திரையும் நீராகாரமும் தேவைப்படும் நாட்கள் அவை.

பல் வைத்த பிறகு

‘இம்ப்ளாண்ட் சொத்தையாகாது’ என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோயுறும். இயற்கைப் பல்லைப் போல அது தொடக்கத்திலேயே வலித்து எச்சரிப்பதில்லை. ஈறில் இரத்தம் கசிதல், சீழ், துர்நாற்றம், அசைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எதுவும் இல்லையாயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். திருகு தளர்வதும், மேற்பல் உடைவதும் உண்டு. அவற்றைச் சரிசெய்ய முடியும். வைத்த புதிதில் எச்சில் மிகும், ‘ச’கரம் சீழ்க்கையாகும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

ஊன்றிய வேர் சிலருக்குப் பற்றாமலும் போகும். அதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்புங்கள். தவறவே தவறாது என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிகிச்சைக்கு முன், பயன்படுத்தும் இம்ப்ளாண்டின் நிறுவனப் பெயர், அளவு, ஊன்றிய தேதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்வதாகப் பேசி வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் திருகு தளர்ந்தால் அந்தத் தாளே உங்களுக்கு உதவும்.

இவை எல்லாவற்றினும் எளியது, இருக்கும் பல்லைக் காப்பதாகும். சமூகத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிடில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்துப்படக் கூறிய நபியின் உம்மத்து நாம். நம் வீடுகளிலோ சர்க்கரை நோயும், வெற்றிலை புகையிலையும், பீடியும் பற்களை ஒவ்வொன்றாக உதிர்க்கின்றன. ஈறில் இரத்தம் வரும்போதே மருத்துவரைப் பார்த்திருந்தால், மாமாவின் பற்களில் பாதியேனும் நின்றிருக்கும்.

மாமாவின் சர்க்கரை மூன்று மாதத்தில் ஏழை ஒட்டி இறங்கியது. அக்டோபர் இறுதியில் கீழ்த்தாடையில் இரண்டு வேர்கள் ஊன்றினார்கள். மேலும் மூன்று மாதப் பொறுமை. ரமளான் பிறைக்குச் சில நாட்களுக்கு முன் புதிய செட் பொருந்தியது. முதல் வாரம் ஸீன் சீழ்க்கையடித்தது. நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின், எங்களுக்குக் கற்பித்தது போலவே, தமக்குத் தாமே எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரமளான் இருபத்தேழாம் இரவு அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து யாசீன் ஓதினார். குற்றம் காணப் பழகிய என் காதுக்கு ஒரு குற்றமும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வாண்டுச் சாரலுக்கும் ஐந்தருவிக்குச் சென்றோம். செட் இனி நழுவாது என்று மருத்துவர் உறுதி சொல்லியிருக்கிறார். இருந்தும் மாமா அதைக் கழற்றி, டப்பாவில் இட்டு, பேரன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அருவியில் இறங்கினார். “அருவிக்கு ஒன்று கொடுத்தாயிற்று, அது போதும்” என்றார்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டு முதியவர் உணவைத் தள்ளி வைத்தால், பேச்சைக் குறைத்தால், ஓதுவதை நிறுத்தினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை அருகில் அமர்ந்து, “வாய்க்குள் என்ன செய்கிறது?” என்று கேளுங்கள்.